உப்பும் விதண்டையும்

1

பிரச்சாரம் என்றால் பொய் சொல்வது என்று நம்மில் பலரும் நினைத்துக்கொண்டிருக்கிறோம். பொய்யைப் பிடிப்பது அத்தனை கடினமல்ல. நாள் கடந்தாவது அது தானே வெளுத்துவிடும். உண்மையை மட்டுமே சொல்லி, ஆனால் கேட்ட கேள்விக்கு அல்லாமல் கேட்காத வேறொரு கேள்விக்குப் பதில் சொல்லிச் செல்கிறவனைப் பிடிப்பதுதான் கடினம். அவன் சொன்னதில் தவறு இருக்காது. அவனுடைய புள்ளிவிவரங்கள் சரியாக இருக்கும். கூட்டம் தலையாட்டும். கேட்ட கேள்வி மட்டும் காணாமல் போயிருக்கும்.

உப்பைப் பற்றி இந்நாட்டில் இருநூறு ஆண்டுகளாக நடந்துவரும் வாதங்களைச் சில காலமாகப் படித்துவருகிறேன். வரி பற்றிய வாதம், சட்ட மறுப்பு பற்றிய வாதம், நம் காலத்தில் அயோடின் பற்றிய வாதம். மூன்றிலும் கட்சிகள் வேறு, காலம் வேறு, ஆட்சி வேறு. வாதிடும் முறை மட்டும் ஒன்று. இந்தக் கட்டுரை அந்த முறையைப் பற்றியது.

நான் இதை மரக்காணத்துக் கரையிலிருந்து பார்க்கிறேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். பழைய தென்னாற்காடு மாவட்டத்துத் திண்டிவனம் தாலுகாவைச் சேர்ந்த ஊர். 1993 முதல் விழுப்புரம் மாவட்டம். சென்னையிலிருந்து கடற்கரைச் சாலையில் புதுச்சேரிக்குப் போகிறவர்களுக்கு ஜன்னலுக்கு வெளியே சில நிமிஷங்கள் தெரிந்து மறையும் வெள்ளைக் குவியல்கள்தான் மரக்காணம். ஆந்திரக் கரையிலிருந்து இறங்கிவரும் பக்கிங்ஹாம் கால்வாய் இங்கேதான் முடிகிறது. சிறுபாணாற்றுப்படை பேசும் ஓய்மாநாட்டின் எயிற்பட்டினம் இதுவே என்று ஆராய்ச்சியாளர் கூறுவர். உவர்நீரைப் பாத்தியில் தேக்கி, வெயிலில் வற்றவிட்டு, படிந்ததை வாரி வரப்பில் குவிக்கிற வேலை இது. வடகிழக்குப் பருவமழை விழுந்தால் அந்த ஆண்டு முடிந்தது. தூத்துக்குடி, வேதாரண்யம் என்று தமிழகத்து உப்பைக் கணக்கிடும்போது அடுத்து வரும் பெயர் இவ்வூர்.

உப்பைப் பற்றி எங்கோ தொலைவில் நடந்த ஒவ்வொரு வாதத்தின் முடிவும் இந்தப் பாத்திகளில்தான் வந்து இறங்கியது. வாதிட்டவர்களுக்கு அது ஒரு கருத்து. இங்கே இருப்பவர்களுக்கு அது கூலி.

2

1805-ல் கிழக்கிந்தியக் கம்பெனி சென்னை ராஜதானியின் உப்பைத் தன் ஏகபோகமாக்கிக்கொண்டது. விளைவித்தவன் கம்பெனி நிர்ணயித்த விலைக்குக் கம்பெனிக்கே கொடுக்க வேண்டும். கம்பெனி தான் விரும்பிய விலைக்கு விற்கும். வட இந்தியாவிலோ உப்பு வரியைக் காப்பதற்காகவே ஒரு முள்வேலி வளர்த்தார்கள். இலந்தையும் கருவேலும் கள்ளியுமாக, நூற்றுக்கணக்கான மைல் நீளத்துக்கு உயிர்வேலி, ஆயிரக்கணக்கான காவல்காரர்கள். 1879-ல்தான் அது கைவிடப்பட்டது. 1882-ல் பர்மா நீங்கலாக நாடு முழுதுக்கும் மணங்குக்கு இரண்டு ரூபாய் என்று ஒரே வரி வந்தது. இங்கே மணங்கு என்பது நம் பழைய சென்னை மணங்கு அல்ல. 82 ராத்தலுக்குச் சற்று மேற்பட்ட சர்க்கார் மணங்கு. 1888-ல் அது இரண்டரை ரூபாயாயிற்று.

இந்த வரியை ஆதரித்தவர்கள் மூடர்களோ பொய்யர்களோ அல்லர். அவர்களுடைய வாதம் தெளிவானது. ஏழை வேறு எந்த வரியும் நேராகக் கட்டுவதில்லை. ஆட்சியின் பாதுகாப்பை அனுபவிக்கும் அவனும் ஏதேனும் செலுத்த வேண்டும். உப்பின் வழியாகச் செலுத்தும்போது அது சிறுகச் சிறுகப் போவதால் அவனுக்குத் தெரிவதில்லை. தலைக்கு ஆண்டுக்குச் சில அணாக்களே ஆகிறது. கணக்கு சரிதான். மணங்குக்கு ஒன்றேகால் ரூபாய் வரி இருந்த காலத்தை எடுத்துக்கொள்வோம். ஓர் ஆள் ஆண்டுக்குப் பன்னிரண்டு ராத்தல் உப்பு தின்றால் அவன் கொடுக்கும் வரி மூன்று அணாவுக்குச் சற்றுக் குறைவு. மூன்று அணாவுக்கா இத்தனை கூச்சல் என்று கேட்கத் தோன்றும்.

இதே வரியைக் காந்தி 1930 பிப்ரவரியில் ‘யங் இந்தியா’வில் வேறு விதமாகக் கணக்கிட்டார். ஒரு மணங்கு உப்பின் அடக்கவிலை பத்துப் பைசா. வரி இருபது அணா, அதாவது இருநூற்று நாற்பது பைசா. ஆகவே வரி இரண்டாயிரத்து நானூறு சதவிகிதம். (ஓர் அணாவுக்குப் பன்னிரண்டு பைசா என்ற பழைய கணக்கு இது.)

மூன்று அணா, இரண்டாயிரத்து நானூறு சதவிகிதம். இரண்டும் ஒரே வரிதான். இரண்டிலும் எண்கணிதப் பிழை இல்லை. ஒருவர் தலையை அளவாகக் கொண்டார். மற்றவர் பொருளின் விலையை அளவாகக் கொண்டார். எந்த அளவுகோலை எடுப்பது என்று தீர்மானித்த மறுகணமே பாதி வாதம் முடிந்துவிடுகிறது. அதன்பின் நடப்பது வெறும் பெருக்கலும் வகுத்தலும். பிரச்சாரத்தின் சூக்குமமான இடம் எண் அல்ல, அலகு.

அப்படியானால் இரண்டும் சமம்தானா? இரு பக்கமும் பிரச்சாரம், ஆகவே உண்மை என்று ஒன்று இல்லை என்று கைகழுவிவிடலாமா? நம் காலத்து அறிவாளிக்கு மிகவும் சௌகரியமான முடிவு இது. ஆனால் உப்பின் சரித்திரம் இதை அனுமதிப்பதில்லை. 1903-ல் வரி இரண்டு ரூபாயாகவும், 1905-ல் ஒன்றரை ரூபாயாகவும், 1907-ல் ஒரு ரூபாயாகவும் குறைக்கப்பட்டபோது நாட்டின் உப்புச் செலவு கூடியது. அப்படியென்றால் அதற்கு முன்பு ஏழைகள் உப்பைக் குறைத்துத் தின்றிருக்கிறார்கள். ‘அவனுக்குத் தெரிவதில்லை’ என்ற கூற்றைச் சர்க்காரின் சொந்தக் கணக்கே மறுத்துவிட்டது. இரண்டு அலகுகளில் எது பொருத்தமானது என்று தீர்மானிக்க ஒரு வழி இருந்தது. அந்த வழியில் போக மறுத்ததுதான் நேர்மையின்மை. மூன்று அணா என்று சொன்னது அல்ல.

பிறகும் என்ன நடந்தது? 1923-ல் வரியை மறுபடியும் இரண்டரை ரூபாயாக்க முயன்றார்கள். சட்டசபை மறுத்தது. வைஸ்ராய் ரீடிங் தமக்கிருந்த விசேஷ அதிகாரத்தைக் கொண்டு அதைச் சட்டமாக்கினார். அடுத்த ஆண்டே ஒன்றேகால் ரூபாய்க்கு இறங்க வேண்டியிருந்தது. வாதத்தில் தோற்றால் வாதத்தையே தள்ளிவைக்கிற வசதி உள்ளவன் எதற்காக வாதிட வந்தான் என்று கேட்டுக்கொள்ள வேண்டும். அவன் எதிராளியை இணங்கவைக்க வரவில்லை. பார்த்துக்கொண்டிருப்பவர்களுக்காக வந்தான்.

3

1930 மார்ச் 2-ந் தேதி காந்தி வைஸ்ராய் இர்வினுக்கு எழுதிய கடிதம் இந்த நோக்கில் மீண்டும் படிக்கத்தக்கது. அதில் வைஸ்ராயின் மாதச் சம்பளம் 21,000 ரூபாய் என்றும், அது நாளொன்றுக்கு எழுநூறு ரூபாய் என்றும், இந்தியனின் சராசரி வருமானம் நாளொன்றுக்கு இரண்டணாவுக்கும் குறைவு என்றும் கணக்குக் காட்டினார். ஏழைதான் பணக்காரனைவிட அதிகம் உப்பு தின்ன வேண்டியவன் என்றும் சொன்னார். தாம் என்ன செய்யப்போகிறார் என்பதை முன்கூட்டியே தெரிவித்தார். பேச வேண்டிய விஷயம் என்று வைஸ்ராய் கருதினால் காத்திருக்கவும் தயார் என்றார். கடிதத்தில் பிரச்சாரம் இருக்கிறது, மறுக்க வேண்டியதில்லை. ஆனால் மறுத்துப் பேச ஓர் இடமும் அதில் திறந்துவிடப்பட்டிருக்கிறது. எந்த எண்ணை வேண்டுமானாலும் எடுத்து, இது தவறு என்று வைஸ்ராய் சொல்லியிருக்கலாம்.

பதில் அந்தரங்கக் காரியதரிசியிடமிருந்து வந்தது. சில வரிகள். சட்டத்தை மீறுவதும் பொது அமைதிக்குப் பங்கம் விளைவிப்பதுமான ஒரு வழியைக் காந்தி மேற்கொள்ள எண்ணுவது குறித்து வைஸ்ராய் வருந்துகிறார் என்பதே சாரம். இதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. சட்டம் மீறப்படத்தான் போகிறது. ஆனால் இந்த வரி நியாயமா என்பது கேள்வி. சட்டத்தை மீறலாமா என்பது பதிலில் வந்து உட்கார்ந்துகொண்ட கேள்வி. இர்வின் தனிப்பட்ட முறையில் எழுதிய கடிதமொன்றில் இந்த உப்பு இயக்கம் தம் தூக்கத்தைக் கெடுக்கவில்லை என்று குறிப்பிட்டிருந்தார். காங்கிரசுக்குள்ளேயே மோதிலால் நேரு உட்படப் பலருக்கு உப்பு என்றதும் சிரிப்புத்தான் வந்தது. கேலியும் ஒரு பதில்தான். ஆனால் அது கேள்வி கேட்டவனின் அந்தஸ்துக்குத் தரப்படும் பதில்.

தமிழ்நாட்டில் இது இன்னும் ஸ்தூலமாக நடந்தது. ஏப்ரல் 13-ந் தேதி ராஜாஜி திருச்சியிலிருந்து நூறு பேருக்குச் சற்றுக் குறைவான தொண்டர்களோடு வேதாரண்யத்துக்கு நடந்தார். தஞ்சை ஜில்லா கலெக்டர் தார்ன், இவர்களுக்குச் சோறும் இடமும் கொடுப்பவர்கள் தண்டனைச் சட்டப்படி சிறைக்குப் போக நேரிடும் என்று தமிழில் துண்டுப் பிரசுரம் அடித்து, பத்திரிகைகளில் வெளியிட்டு, தண்டோராவும் போடச் செய்தார். இதிலும் பொய் கிடையாது. அப்படியொரு பிரிவு சட்டத்தில் இருக்கவே செய்தது. ஆனால் விருந்தோம்பல் குற்றமா என்ற கேள்வியை எழுப்பியவரே அவர்தான். தஞ்சைக் கிராமத்தான் உப்புவரியைப் பற்றி அதற்கு முன் நினைத்தானோ இல்லையோ, வாசலுக்கு வந்தவனுக்குச் சோறு போடலாமா கூடாதா என்பது அவன் பாட்டன் காலத்திலேயே முடிவான விஷயம். சோற்றுப் பொட்டலங்கள் சாலையோர மரக்கிளைகளில் தொங்கின. ஆற்று மணலில் அண்டாக்கள் புதைந்திருந்தன. கேள்வியை மாற்றியவர் தமக்கு மிகவும் பாதகமான கேள்வியைத் தேர்ந்துவிட்டார். சர்க்கார்மேல் பக்தி என்று ஒன்று இருந்திருந்தாலும் அது இப்போது செத்துவிட்டது என்ற பொருளில் அவரே பின்னர் எழுத நேர்ந்தது.

1931 மார்ச் 5-ந் தேதி காந்தி – இர்வின் உடன்படிக்கை வந்தது. உப்புச் சட்டத்தை மீறியதை மன்னிப்பதற்கில்லை, நிதி நிலைமையில் சட்டத்தைப் பெரிதும் மாற்றுவதற்குமில்லை. ஆனால் உப்பு விளையும் இடங்களை அடுத்த கிராமத்தார் தம் வீட்டுக்கும், தம் கிராமத்துக்குள் விற்பதற்கும் உப்பு எடுத்துக்கொள்ளலாம், வெளியாருக்கு விற்கக் கூடாது. மரக்காணம் போன்ற கரையூர்களுக்கு அத்தனை பெரிய போராட்டத்திலிருந்து கைக்குக் கிடைத்தது இது. வரி 1947 ஏப்ரலில்தான் போயிற்று.

4

கேள்வியை மாற்றுகிற இந்தத் தந்திரத்துக்கு நம் தர்க்க சாஸ்திரத்தில் பெயர் இருக்கிறது. நியாய சூத்திரம் விவாதத்தை மூன்றாகப் பிரிக்கிறது. உண்மையை அறிய நடப்பது வாதம். வெல்ல நடப்பது ஜல்பம். தனக்கென்று ஒரு கட்சியை நிறுவாமல் எதிராளியின் கட்சியை இடிப்பது மட்டுமே வேலையாகக் கொண்டது விதண்டை. நாம் விதண்டாவாதம் என்று வீட்டில் குழந்தைகளைத் திட்டும்போது இந்தக் கடைசிச் செய்தியை மறந்துவிடுகிறோம். விதண்டை செய்கிறவன் அசட்டுத்தனமாகப் பேசுகிறவன் அல்லன். அவன் பேச்சு மிகவும் கூர்மையாக இருக்கலாம். அவன் எந்த இடத்திலும் நிற்காதவன் என்பதுதான் அவனுடைய இலக்கணம். நிற்காதவனை வீழ்த்த முடியாது.

சொல்லின் பொருளைத் திரிப்பதற்குச் சலம் என்று பெயர். உரைகாரர்கள் தரும் உதாரணம் பிரசித்தமானது. ஒருவன் நவகம்பளம் உடையவன் என்று சொன்னால், புதுக் கம்பளம் என்று அவன் சொன்னதை ஒன்பது கம்பளம் என்று எடுத்துக்கொண்டு, எங்கே ஒன்பது, ஒன்றுதானே இருக்கிறது என்று கேட்பது. இதில் இன்னொரு வகை சாமானியச் சலம்: ஒரு பொதுக் கூற்றை அதன் எல்லைக்கு அப்பால் இழுத்து எல்லார்மேலும் போர்த்திவிடுவது. தலைக்கு மூன்று அணா என்ற சராசரி இதற்கு நெருங்கிய உறவு. சராசரித் தலை என்று ஒரு தலை எந்த ஊரிலும் உப்பு தின்றதில்லை.

தமிழில் மணிமேகலை இந்த விஷயத்தில் விசேஷமான காவியம். வஞ்சியில் சமயவாதிகள் ஒவ்வொருவராகத் தம் கட்சியைச் சொல்லக் கேட்டுவிட்டு வருகிறவளுக்குக் காஞ்சியில் அறவண அடிகள் அளவைகளைக் கற்பிக்கிறார். பக்கப் போலி, ஏதுப் போலி, திட்டாந்தப் போலி என்று, சரியான வாதத்தைப் போலவே தோன்றிச் சரியில்லாதவற்றின் நீண்ட பட்டியல் அங்கே வருகிறது. காவியச் சுவையைக் கெடுத்துவிட்டார் சாத்தனார் என்று இந்தப் பகுதியைப் பாடத்திட்டங்கள் ஒதுக்கிவிடுவது வழக்கம். எனக்கோ, ஒரு பெண் எல்லோர் பேச்சையும் கேட்டு முடித்தபின், யாரை நம்புவது என்பதற்கு முன்னால் எப்படிக் கேட்பது என்று கற்றுக்கொள்கிறாள் என்பதே காவியத்தின் பெரிய கணங்களில் ஒன்றாகப் படுகிறது.

நியாய சூத்திரம் ஜல்பத்தையும் விதண்டையையும் முற்றாக விலக்கிவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். முளைக்கும் பயிரைக் காக்க முட்கிளைகளால் வேலி போடுவதுபோல, உண்மையைப் பற்றிய நிச்சயத்தைக் காக்க அவற்றைப் பயன்படுத்தலாம் என்கிறது. நேர்மையற்றவனோடு மோதும்போது கொஞ்சம் முள் வேண்டியிருக்கிறது என்ற உலக ஞானம் இது. ஆனால் உள்ளே பயிர் இருக்கிறதா என்பதே கேள்வி. வட இந்தியாவில் வெள்ளைக்காரர்கள் வளர்த்த முள்வேலிக்குள் பயிர் எதுவும் இல்லை, வரிதான் இருந்தது.

அந்த வேலியை 1867 முதல் 1870 வரை நிர்வகித்து வளர்த்தவர் ஆலன் ஆக்டேவியன் ஹ்யூம். 1885-ல் காங்கிரசைத் தொடங்கியவரும் அவரே. பம்பாயில் கூடிய அந்த முதல் காங்கிரசில் தஞ்சையைச் சேர்ந்த எஸ்.ஏ. சாமிநாதய்யர் உப்புவரிப் பிரச்சினையை எழுப்பினார். இந்தத் தகவலைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு விதண்டாவாதி என்னவெல்லாம் செய்யலாம்! வேலி போட்டவன் தொடங்கிய சபையில் வேலிக்கு எதிராகப் பேச்சா என்று ஒரே வாக்கியத்தில் கூட்டத்தைச் சிரிக்கவைக்கலாம். சிரிப்பு அடங்கிய பிறகும் வரி நியாயமா என்ற கேள்வி அப்படியே இருக்கும். ஹ்யூமின் பூர்வோத்தரம் ஹ்யூமைப் பற்றி நமக்குச் சிலவற்றைச் சொல்கிறது. உப்பைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை.

5

பிரச்சாரத்தைப் பற்றிய கோட்பாடுகள் முதல் உலக யுத்தத்துக்குப் பிறகு பெருகின. 1922-ல் வால்டர் லிப்மன் சம்மதத்தை உற்பத்தி செய்வது பற்றி எழுதினார். 1927-ல் லாஸ்வெல் யுத்தப் பிரச்சாரத்தின் உத்திகளை வகைப்படுத்தினார். 1928-ல் எட்வர்ட் பெர்னேஸ் ‘பிரச்சாரம்’ என்றே தலைப்பிட்டு, ஜனநாயகத்துக்கு அது அவசியம் என்று வெட்கமின்றி வாதாடினார். 1988-ல் ஹெர்மனும் சாம்ஸ்கியும் லிப்மனின் சொல்லையே எடுத்து அவருக்கு எதிர்த்திசையில் திருப்பினார்கள். பத்திரிகையின் உடைமை, விளம்பர வருமானம், செய்தி கிடைக்கும் அதிகார மூலங்கள், கண்டனத் தாக்குதல், கம்யூனிச எதிர்ப்பு என்ற ஐந்து சல்லடைகளின் வழியாகவே செய்தி வடிகிறது என்றார்கள். இது சதியல்ல, யாரும் உத்தரவிடாமலே நடப்பது என்று அவர்கள் வற்புறுத்தியது கவனிக்கத்தக்கது.

இவர்களுள் எனக்கு மிகவும் தொந்தரவு தருபவர் பிரெஞ்சுக்காரரான ஜாக் எல்யூல். 1962-ல் வெளிவந்த நூலில் அவர் சொன்னது: பிரச்சாரத்துக்கு எளிதில் இரையாகிறவன் பாமரனல்ல, படித்தவன். நேரில் சரிபார்க்க முடியாத செய்திகளை அதிகம் உட்கொள்கிறவன் அவன்தான். எல்லாவற்றைப் பற்றியும் ஓர் அபிப்பிராயம் வைத்திருக்க வேண்டும் என்ற நிர்ப்பந்தம் அவனுக்குத்தான். தானே சீர்தூக்கி முடிவு செய்வதாக நம்புகிறவனும் அவன்தான். சிறுபத்திரிகை வாசகர் இந்த மூன்றிலும் தம்மை அடையாளம் கண்டுகொள்ளாமல் இருக்க முடியாது.

ஆனால் கோட்பாடே தந்திரமாகிவிடுகிற கட்டம் ஒன்று இருக்கிறது. ‘நீ சொல்வது பிரச்சாரம்’ என்ற வாக்கியம் எந்த வாதத்தையும் நிறுத்திவிடும். மறுத்தால், மறுப்பதும் பிரச்சாரத்தின் வேலையே. ஆதாரம் காட்டினால், ஆதாரம் எங்கிருந்து வந்தது என்று கேட்கலாம். எதனாலும் மறுக்க முடியாதபடி ஒரு கோட்பாட்டைக் கையாண்டால் அது விமர்சனக் கருவியாக இருப்பதை விட்டுவிட்டு வசவாகிவிடுகிறது. நம் இலக்கிய உலகுக்கு இது புதிதல்ல. கலாச்சாரச் சுதந்திரக் காங்கிரசுக்கு அமெரிக்க உளவு ஸ்தாபனத்தின் பணம் போனது 1966, 1967-ல் வெளியானபோது, அதன் இந்தியக் கிளையின் ஆதரவில் நடந்த ‘க்வெஸ்ட்’ பத்திரிகையும் சந்தேகத்துக்குள்ளாயிற்று. பணம் பற்றிய குற்றச்சாட்டு உண்மை. அந்தப் பணம் எதற்காகத் தரப்பட்டது என்று கேட்பதும் அவசியம். ஆனால் அப்பத்திரிகையில் வந்த ஒரு கவிதை நல்ல கவிதையா என்ற கேள்விக்கு இதில் விடை இல்லை. இரண்டும் கேட்கப்பட வேண்டிய கேள்விகள். ஒன்றின் பதிலை மற்றதன் இடத்தில் வைக்கும்போதுதான் விமர்சனம் செத்துப்போகிறது.

6

இந்தக் கோட்பாடுகளை இனி நம் காலத்து உப்பு வாதத்தில் வைத்துப் பார்க்கலாம். இயற்கை உணவுக் கூட்டங்களில் விலைக்கு வாங்கிய சில துண்டுப் பிரசுரங்கள் என் மேசையில் இருக்கின்றன. பக்கத்தில் சுகாதார இலாகாவின் பிரசுரங்கள். இரண்டையும் அடுத்தடுத்துப் படித்தால் இரண்டு பேர் இரண்டு அறைகளில் பேசிக்கொண்டிருப்பதுபோல் இருக்கிறது.

விஷயம் இது. இமயமலை அடிவாரத்தில் கழுத்துக் கழலை பெருவாரியாக இருந்தது. காங்க்ரா பள்ளத்தாக்கில் 1956 முதல் ராமலிங்கசாமியும் அவருடைய சகாக்களும் நடத்திய ஆய்வு, உப்பில் அயோடின் சேர்த்தால் கழலை குறைகிறது என்று காட்டியது. 1962-ல் தேசியக் கழலைத் தடுப்புத் திட்டம் வந்தது. எண்பதுகளில் நாடு முழுதுக்கும் அயோடின் உப்பு என்பது கொள்கையாயிற்று. டாட்டா கம்பெனியின் பாக்கெட் உப்பு 1983-ல் சந்தைக்கு வந்தது. அயோடின் சேர்க்காத உப்பை உணவுக்கு விற்கக் கூடாது என்ற தடை 1998-ல் அமலாகி, 2000-ல் விலக்கப்பட்டு, 2006 மே 17 முதல் மறுபடியும் அமலுக்கு வந்தது.

எதிர்ப்பாளர்கள் சொல்வது: கடல் உப்பிலேயே அயோடின் இருக்கிறது, இது பெரிய கம்பெனிகள் சிறு உப்பளங்களை விழுங்கச் செய்த சதி. முதற்பாதி தவறு. கடல் நீரில் அயோடின் உண்டு. வெயிலில் காய்ந்து படிகிற உப்பில் மிஞ்சுவது ஒன்றுமில்லாததற்குச் சமம். மரக்காணத்து உப்பும் இதற்கு விலக்கல்ல. கருவிலிருக்கும் குழந்தையின் மூளை வளர்ச்சிக்கு அயோடின் தேவை என்பதும், கழலை மலைநாட்டு நோய் மட்டுமல்ல என்பதும் நிரூபிக்கப்பட்டவை.

ஆதரவாளர்கள் சொல்வது: அயோடின் இல்லாவிட்டால் குழந்தைகள் மந்தமாகும், ஆகவே பாக்கெட்டில் வரும் தூள் உப்பையே வாங்குங்கள். இங்கே தவறு ‘ஆகவே’யில் இருக்கிறது. அயோடின் சேர்ப்பதற்கு உப்பு தூளாக இருக்க வேண்டியதில்லை, பெரிய ஆலையில் வெளுக்க வேண்டியதில்லை. பொட்டாசியம் அயோடேட் கரைசலைக் கல்லுப்பின்மேல் தெளித்துக் கலந்தாலே போதும். விளையும் இடத்தில் பத்து லட்சத்தில் முப்பது பங்கு, வாங்குகிறவன் கைக்கு வரும்போது பதினைந்து பங்கு என்பது விதித்த அளவு. அயோடின் வேண்டும் என்பதிலிருந்து பாக்கெட் வேண்டும் என்ற முடிவு வருவதில்லை. நவகம்பளம் ஒன்பது கம்பளமான அதே வித்தை. அயோடின் உப்பு என்ற ஒரு சொல்லுக்குள் இரண்டு பொருள்.

ஆக இரண்டு கேள்விகள். அயோடின் அவசியமா? அதை யார், எந்த முறையில், யாருக்கு நஷ்டம் வராமல் சேர்ப்பது? முதற் கேள்விக்கு ஒரு கட்சியிடம் சரியான பதில் இருக்கிறது. இரண்டாவதை அது கேட்பதே இல்லை. இரண்டாவது கேள்வியை மற்றக் கட்சி கேட்கிறது; அதில் தன் கை ஓங்க வேண்டும் என்பதற்காக முதற் கேள்வியின் பதிலைப் பொய்யாக்குகிறது. சந்தை பற்றிய உண்மையைக் கொண்டு உடம்பைப் பற்றிய உண்மையை மறுப்பது ஒரு பக்கம். உடம்பைப் பற்றிய உண்மையைக் கொண்டு சந்தை பற்றிய கேள்வியை வாயடைப்பது மறுபக்கம். சதி என்று ஒருவர். மூடநம்பிக்கை என்று மற்றவர். கலவை இயந்திரம் வைக்க முதலில்லாத சிறு உப்பளக்காரன், இயந்திரம் வைத்திருக்கிறவனிடம் அவன் சொன்ன விலைக்குப் போட்டுவிட்டு வந்தான். அல்லது கருவாட்டுக்கும் ஐஸ் கம்பெனிக்கும் தோல் பதனிடுகிறவர்களுக்கும் விற்றான்.

2011 ஜூலையில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு இந்த வாதத்தில் நான் கண்ட அபூர்வமான நேர்மை. அயோடின் நல்லதா என்பது ஒரு கேள்வி, கலப்படத் தடைச் சட்டத்தின் கீழ் இப்படியொரு தடை விதிக்க அதிகாரம் உண்டா என்பது வேறொரு கேள்வி என்று அது பிரித்தது. கலப்படத்தைத் தடுக்க வந்த சட்டம் ஒன்றைச் சேர்த்தே ஆக வேண்டும் என்று கட்டாயப்படுத்த இடம் தராது. ஆகவே விதி செல்லாது என்றது. அதே சமயம், பொதுமக்கள் உடல்நலத்தை முன்னிட்டு ஆறு மாதத்துக்குத் தடை நீடிக்கட்டும், அதற்குள் அரசு வேறு வழி பார்க்கட்டும் என்றது. புதிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் விதிகளில் அவ்வாண்டே தடை இடம்பெற்றுவிட்டது. இரு தரப்புப் பிரசுரங்களும் இந்தத் தீர்ப்பைத் தத்தமக்குச் சாதகமான பாதியை மட்டும் கத்தரித்துக்கொண்டு வெளியிட்டன என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

7

ஒரு வாதம் நேர்மையானதா என்று அறிய நான் இப்போதெல்லாம் இரண்டு விஷயங்களைப் பார்க்கிறேன். எந்தச் செய்தி தெரியவந்தால் உங்கள் கட்சியை விட்டுவிடுவீர்கள் என்று கேட்டால் அவரிடம் பதில் இருக்கிறதா? இது முதலாவது. வரியைக் குறைத்தால் உப்புச் செலவு கூடுமா என்பது அப்படியொரு செய்தி, கூடியது, ஆனால் கட்சி விடப்படவில்லை. இரண்டாவது, யார் பெயரால் வாதம் நடக்கிறதோ அவர் பேச அதில் இடம் இருக்கிறதா? உப்பு வாதம் மூன்றிலும் எல்லோரும் ஏழை என்ற சொல்லை உச்சரித்தார்கள். ஏழைக்குத் தெரியாத வரி, ஏழையின் உப்பு, ஏழைக் குழந்தையின் மூளை, ஏழை உப்பளக்காரன். அவன் எல்லோருக்கும் திட்டாந்தமாக இருந்தான். ஒரு தடவையும் வாதியாக இல்லை.

நம் வட்டத்தில் பிரச்சாரம் என்பது ஒரு வசவு. ராஜம் கிருஷ்ணனின் ‘கரிப்பு மணிகள்’ 1979-ல் வந்தது. தூத்துக்குடி உப்பளங்களில் வேலை செய்கிறவர்களைப் போய்ப் பார்த்து, கேட்டு எழுதியது. கலையழகு பற்றிய ஆட்சேபங்களுக்கு இடமுண்டு. அவை நியாயமானவையாகவும் இருக்கலாம். ஆனால் உப்பு வாருகிற பெண்ணின் காலில் என்ன ஆகிறது என்பதைத் தமிழ் வாசகன் எங்கே படித்தான் என்பது வேறொரு கேள்வி. அதற்கு ‘பிரச்சார நாவல்’ என்பது பதிலல்ல. சர்க்கார்க் காரியதரிசி காந்திக்கு எழுதிய பதிலைவிட அது எந்த விதத்திலும் மேலானது அல்ல.

மரக்காணத்தில் கேட்கப்படுகிற கேள்வி இன்றும் மிக எளியது. ஐப்பசி பிறந்து மழை பிடித்துக்கொண்டால் பாத்தி நீரில் மூழ்கும். தை மாசம் வரை கூலி இல்லை. அந்த மாதங்களுக்கு என்ன வழி? அண்மை ஆண்டுகளில் தமிழக அரசு உப்பளத் தொழிலாளர்களுக்கு மழைக்கால நிவாரணமாக ஐயாயிரம் ரூபாய் அறிவித்தது. அது போதுமா என்பது வாதிக்கத்தக்க விஷயம். வாதிக்க வருகிறவர்கள் தயவுசெய்து அந்தக் கேள்விக்கே பதில் சொல்லட்டும்.